மீன் ரூம் முன்னால், பதினோரு மணிக்கு

கோயமுத்தூர் மிருகக்காட்சிசாலையில், மீன் தொட்டிகள் இருந்த கட்டடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அம்மா என் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை மறுபடியும் இழுத்துவிட்டாள். அப்பா மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் இருந்தார். சிங்கம் புலி பார்க்க வந்தவராகத் தெரியவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி விசாரிக்க வந்தவரைப் போல இருந்தார்.

"சிரிச்ச மாதிரி இரு கண்ணு. ஆனா சிரிக்காதே" என்றாள் அம்மா.

பக்கத்துக் கூண்டிலிருந்து குரங்கு நாற்றம் வந்தது. பஞ்சுமிட்டாய்க்காரர் மணியை ஆட்டிக்கொண்டே எங்களைச் சுற்றி வந்தார். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பட்டு கட்டினால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று, பட்டு மாதிரியே மினுங்கும் வேறு ஒரு புடவையை அம்மா எனக்குக் கட்டிவிட்டிருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு நான் முதலைக் குட்டை ஓரமாக நின்றேன். முதலையைப் பார்க்க வந்த பிள்ளைகள் என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போயின. கூண்டுக்கு வெளியே இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று என்னை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதாக ஏற்பாடு. இந்தத் தொடரில் இதுவரை தோட்டம், கிணறு, காலேஜ் பஸ் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பேச்சு எப்போது வரும் என்று கேட்டு எழுதியவர்களுக்கு இந்த வாரம்.

பார்க்க வந்த மாதிரி இருக்கக்கூடாது

எங்கள் தோட்டம் காரமடைக்கு மேற்கே. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்து, பலகாரம் சாப்பிட்டு, பிறகு சரிப்படாமல் போனால் பெண்ணுக்குத்தான் பேச்சு. அதனால் முதலில் ஒரு பொது இடத்தில், தற்செயலாகச் சந்தித்த மாதிரி ஏற்பாடு செய்வார்கள். கோயில்தான் வழக்கம். எனக்கு ரங்கநாதர் கோயிலிலேயே இரண்டு முறை நடந்து, இரண்டும் கூடிவரவில்லை. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, "ஏன் அம்மணி, இன்னிக்கும் பாக்க வாராங்களா?" என்று விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அதன் பிறகுதான் தரகர் இந்த யோசனையைச் சொன்னார்.

"கோயமுத்தூர்ல வெச்சுக்கலாமுங்க. மிருகக்காட்சிசாலைல மீன் ரூமு ஒண்ணு இருக்குது. குளுகுளுன்னு இருக்குமுங்க. பதினோரு மணிக்கு அதும் முன்னால நில்லுங்க. மாப்ளயும் அவிய அம்மாவும் வருவாங்க. பையன் பீளமேட்டுல மோட்டார் லைனுங்க."

"நீங்களும் வருவீங்கல்ல?" என்றார் அப்பா.

"நான் வந்தா பாக்க வந்த மாதிரி ஆயிப்போயிருமுங்க."

அதுதான் சட்டம். பார்க்க வேண்டும், ஆனால் பார்க்க வந்த மாதிரி இருக்கக்கூடாது. எதற்கு வந்தோம் என்று இரண்டு பக்கமும் வாயைத் திறக்கக்கூடாது. மழை, மாடு, பஸ் கூட்டம் இதையெல்லாம் பேசலாம். பெண்ணும் பையனும் நாலு வார்த்தை பேசட்டும் என்று பெரியவர்கள் கொஞ்சம் அக்கட்டால நகர்ந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு தரகர் மூலமாக நடக்கும்.

இதோடு எங்கள் பக்கத்து மரியாதை ஒன்று உண்டு. எதிரில் வந்தவர் யாரென்று சட்டென நினைவுக்கு வராவிட்டாலும், முதலில் "வாங்க, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவோம். யார் என்பது பேச்சில் தானாக வெளியே வரும். "நீங்க யாருங்க?" என்று மட்டும் கேட்கமாட்டோம். அது, உங்களை மறந்துவிட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதாகும். இந்த மரியாதையில் அப்பாவை அடிக்க ஆளே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மனிதரிடம் சோமனூர் வரை குசலம் விசாரித்துக்கொண்டே போய், அவர் இறங்கிய பிறகு, "யாருன்னு தெரியல, நல்ல மனுசன்" என்பார்.

இந்த இரண்டு வழக்கமும் ஒரே நாளில் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

தூங்கிய சிங்கம்

கோயமுத்தூர் எங்களுக்கு ஒரு மணி நேர பஸ் தூரம். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு முறை கூட்டிப்போனார்கள். காலையில் காட்டிலாகா மியூசியம். அங்கே யானையின் எலும்புக்கூட்டைப் பார்த்து ஒருத்தி அழுதாள். பிறகு மிருகக்காட்சிசாலை. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் சிங்கம் புறமுதுகு காட்டித் தூங்கியது. மறுநாள் டீச்சர் ‘நான் கண்ட சிங்கம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார். எல்லோரும் அது கர்ஜித்ததாக எழுதினோம். நான் பிடரி சிலிர்த்ததாகவும் சேர்த்துக்கொண்டேன், கூடுதல் மார்க் வந்தது.

பிறகு பீளமேட்டில் காலேஜ், விலங்கியல் படிப்பு. தினமும் ஊரிலிருந்து போய்வந்தேன். மத்தியானம் தலைக்கு மேலே விமானம் தாழ்ந்து இறங்கும். வேலி ஓரமாக நின்று பார்க்கலாம் என்று தோழிகள் கூப்பிடுவார்கள். நான்கு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் கேள்வி வரும். விலங்கியல் படித்த மூன்று வருஷத்தில், அதே ஊரில் இருந்த மிருகக்காட்சிசாலைக்குள் நான் ஒருநாளும் போகவில்லை. மருதமலை, பேரூர், ஒப்பணக்காரத் தெரு, சினிமாக் கொட்டகை எல்லாமே அடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான்.

படிப்பு முடிந்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தேன். எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போக வேண்டும். அப்பாவிடம் சொன்னால் கோபிக்கமாட்டார். "கட்டிக்கிட்டுப் போற எடத்துல உட்டாங்கன்னா போய்க்க சாமி" என்பார். ஆகவே என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் விடுவாரா மாட்டாரா என்பதில்தான் என் உயிர் இருந்தது. முன்னால் வந்த இரண்டு பேரிடமும் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டிருந்தேன்.

பஸ்ஸு கூட்டமுங்களா?

பதினோரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மீன் ரூம் வாசலுக்கு ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். அந்த அம்மா நூல் புடவை கட்டி, கையில் வயர் கூடை வைத்திருந்தார். மகனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நீலக் கட்டம் போட்ட சட்டை. விரல் நகங்களின் ஓரத்தில், கழுவியும் போகாத கிரீஸ் கறுப்பு. அப்பா அந்த நகங்களைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"வாங்க, வாங்க. நல்லாருக்கீங்களா?" என்றார் அப்பா.

அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "நல்லாருக்கோமுங்க. நீங்கெல்லாம் நல்லாருக்கீங்களா?"

எந்தக் கல்யாணத்தில் பார்த்தவர்கள் என்று அவர் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்திருப்பார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

"பஸ்ஸு கூட்டமுங்களா?"

"ஞாயித்துக்கெழம இல்லீங்களா. சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து நின்னுட்டேதான் வந்தமுங்க."

"தம்பி மோட்டார் லைனாட்டிருக்குது. கையப் பாத்தாலே தெரியுதே."

"ஆமாங்க. பீளமேட்டுல பம்பு பட்டறைல இருக்கறனுங்க" என்றார் அந்த இளைஞர்.

அவ்வளவுதான். அப்பாவுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. கோயமுத்தூரில் மோட்டார் லைன் என்றால் பாதி ஊர் என்பது அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வா கண்ணு, மீனு பாக்கலாம்" என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த அம்மா உள்ளே நுழைந்தார். நாங்களும் நுழைந்தோம்.

நான் என்னங்க உடறது

வெளி வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரச் சுவரின் வாசனை. இரண்டு பக்கமும் சுவரில் பதித்த கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விளக்கு. பச்சை வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அசைந்தது. பெயர்ப்பலகைகளில் பாதி அழிந்துபோயிருந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் முதல் தொட்டியிலேயே பேச்சில் இறங்கிவிட, நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம்.

ஒரு தொட்டியில், மூலையில் குமிழி குமிழியாகக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தட்டை மீன் அந்தக் குமிழிகளுக்குள்ளேயே நின்றது.

"இது எப்பவும் இங்கயேதான் நிக்குமுங்க" என்றார் அவர்.

"அடிக்கடி வருவீங்களா?"

"லீவு நாளைக்கு அம்மாளக் கூட்டிட்டு வருவனுங்க. வாரம் பூரா பட்டறைல மோட்டார் சத்தம். இங்கயும் மோட்டார்தான் ஓடுது. ஆனா கேட்டுப்பாருங்க, எத்தன சன்னமா ஓடுதுன்னு."

கேட்டேன். சுவருக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு ரீங்காரம் வந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் என் காதில் விழுந்திருக்காது.

"நீங்க என்னங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"பி.எஸ்ஸி. விலங்கியல்."

"அப்ப இந்த மீனெல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"அறுத்துப் பாத்திருக்கறனுங்க. உசுரோட இப்பத்தான் பாக்கறேன்."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்தாள். சிரிக்காதே என்று சொல்லியிருந்தது நினைவுக்கு வருவதற்குள் நானும் சிரித்து முடித்திருந்தேன்.

"படிச்சுப்போட்டு சும்மாவா இருக்கறீங்க? வேலைக்குப் போலாமில்லீங்க?"

இரண்டு பேரிடம் கேட்க நினைத்து விழுங்கிய கேள்வி அப்போது தானாக வெளியே வந்தது. "உடுவீங்களா?"

அவர் ஒன்றும் விளங்காதவராக என்னைப் பார்த்தார். பிறகு அதே சிரிப்போடு சொன்னார்: "நான் என்னங்க உடறது? நீங்க போங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனைப் பார்ப்பதுபோலக் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். எங்கள் தோட்டத்துச் சாலையில் நடந்துபோன எந்த ஆணும் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் அவர் என்ன பேசினார் என்பதே என் காதில் ஏறவில்லை. இவர்தான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

அவர் சொன்னதற்கு அர்த்தம் வெறும் அவ்வளவுதான் என்பதும், யாரோ ஒரு பெண்ணை வேலைக்குப் போக விடுவதற்குத் தான் யார் என்றுதான் அவர் கேட்டார் என்பதும் பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்த வார்த்தையின் மேல் எனக்கிருந்த ஆசை குறையவில்லை.

புளிச்சோறும் ஒப்புட்டும்

மத்தியானம் மான் கூண்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா தூக்குப்போசியைத் திறந்தாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, மூடியில் ஒப்புட்டு, அதாவது போளி.

"எங்களுக்கெதுக்குங்க, நீங்க உண்ணுங்க" என்றார் அந்த அம்மா.

"அதெப்படிங்க. கூட உக்காந்துட்டு உங்கள உட்டுப்போட்டு உண்பமா?" என்று அம்மா தேக்கிலையில் பரிமாறி நீட்டினாள்.

அந்த அம்மா இலையை வாங்கிக்கொண்டே, "எந்தூருங்க நீங்க?" என்று கேட்டார். தரகர் சொல்லியிருப்பாரே என்று அப்பாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். ஆனாலும் ஊரைச் சொன்னார், தோட்டத்தைச் சொன்னார்.

சோற்றில் வைத்த அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. மகனைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார். என் அம்மா ஒன்றும் கவனிக்காமல், "ஒப்புட்டு இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தலையை ஆட்டினார். மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்புறம் இரண்டு அம்மாக்களும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். முழங்கால் வலி, ஒப்புட்டுக்குப் பருப்பு வேகும் பதம், கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள். என் அம்மா யாரிடமும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. தோட்டத்து வீட்டில் அவளுக்குப் பேசத் துணை கிடையாது. பிறகு எல்லோரும் குட்டி ரயிலில் ஏறினோம். அப்பாவின் முழங்கால் தாடையில் இடித்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்து என்னிடம் கண்ணாலேயே சிரித்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா என் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இப்பிடி ஒரு நாளு எனக்கு இருந்ததே இல்லீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சம்பந்தி ஆகப்போகிற சந்தோஷம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மெதுவாக, "எப்பிடி கண்ணு?" என்று கேட்டாள். முன்பு இரண்டு முறையும் ‘உங்க இஷ்டம்’ என்றவள் நான். அன்று, "சரிங்கம்மா" என்றேன்.

தொந்தரவு பண்ண வேண்டாம்னு

பொழுது சாயும் நேரத்தில் தரகர் மொபெட்டில் வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"என்னுங்க இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? அவிய பஸ்ஸு கெடைக்காம மத்தியானந்தான் அங்க வந்து சேந்தாங்களாமா. நீங்க ஒறம்பரையோட உக்காந்து சோறு உண்டுட்டிருந்தீங்களாமா. தொந்தரவு பண்ண வேண்டாம்னு மாப்ளையும் அம்மாவும் அக்கட்டால நின்னு பாத்துப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க."

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி, சொந்தக்காரர்.

"ஒறம்பரையா?" என்றார் அப்பா. "அப்ப அவிய யாருங்க?"

முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு நான். கடைசியில் அப்பாவே தோள் குலுங்கச் சிரித்தார். ஒரு நாள் முழுக்க முன்பின் தெரியாத இரண்டு குடும்பம் சேர்ந்து சாப்பிட்டு ரயிலேறியிருக்கிறது, நீங்கள் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களோ, சாப்பிடுகிறவர்களைக் கலைக்க மனசில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

சிரித்து முடித்துவிட்டு அப்பா சொன்னார்: "எப்பிடியோ, பையன் நல்ல பையன். அம்மணியும் சரின்னுட்டா. பீளமேட்டுல விசாரிச்சுத்தான் பாருங்களேன்."

எனக்கு அந்த இரண்டு மூன்று நாள் தரையில் கால் பாவவில்லை.

தரகர் வாரத்தின் நடுவில் வந்தார். வீட்டுக்குள் வராமல் அப்பாவைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். அப்பா திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

"அவிய நம்ம சனமில்ல" என்றார். "தோட்ட வேலைக்கு வார சனம். அந்தம்மாளுக்குப் பொறந்த ஊரே நம்மூருக்குப் பக்கத்துலதானாமா. நம்ம பேச்சே இனி வேண்டாம்." பிறகு அம்மாவைப் பார்த்து, "அந்தத் தூக்குப்போசிய வெளிய வெச்சிரு" என்றார்.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி மேலே பெருமையாக எழுதிவிட்டேன். அந்த மரியாதைக்கு ஓர் எல்லை இருந்தது. வாங்க, போங்க எல்லாம் எங்கள் தோட்டத்தில் களை எடுக்க வந்தவர்களுக்குக் கிடையாது. அவர்கள் எத்தனை வயதானவர்களாக இருந்தாலும் எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைகூட வா, போ என்றுதான் கூப்பிடும். அவர்களுக்குக் கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அந்த அம்மாவின் கை சோற்றில் ஏன் நின்றது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களைப் போன்ற ஒரு வீட்டுப் பெண், தன் கையால் பரிமாறி ‘உண்ணுங்க’ என்று சொன்னது அவருக்கு அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

அம்மா தூக்குப்போசியை வெளியே வைக்கவில்லை. எப்போதும்போல விளக்கி, எப்போதும் இருக்கும் இடத்தில் கவிழ்த்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார்.

மறு ஞாயிறு

உண்மையான மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்ளவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில், அதே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த முறை தவறு நடக்கக்கூடாது என்று தரகரும் கூடவே வந்தார். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பட்டறைக்குச் சொந்தக்காரர். அவர் அம்மா தங்கமானவர். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எல்லோரும் மீன் ரூமுக்குள் போனோம். கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தேன். அந்தக் குமிழித் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். சட்டை அன்றுதான் இஸ்திரி போட்டது.

எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து முன்னால் வந்தார். "வாங்க, நல்லாருக்கீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா தலையைத் திருப்பி மீனைப் பார்த்தார்.

நல்லாருக்கீங்களா என்று கேட்ட ஒருவருக்கு அப்பா பதில் சொல்லாமல் நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"நல்லாருக்கோமுங்க" என்று நான் சொன்னேன். "அம்மா வரலீங்களா?"

"வல்லீங்க. என்னையும் போவேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாம்னு…" என்று நிறுத்தினார். எதைப் பார்க்க என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சிநேகமாகக் கேட்டார்: "யாரு அம்மணி இவிய? போன வாரம் உங்ககூட உண்டுட்டிருந்த ஒறம்பரைதானே?"

"இல்லீங்க" என்றார் அப்பா. "தெரியாதவங்க."

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று எங்கள் ஊரில் பெயர். தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"தெரிஞ்சவியதானுங்க" என்றேன். "போன வாரம் பாத்துப்போட்டு நான் சரின்னு சொன்னது இவியளத்தானுங்க."

சுவருக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தரகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நான் சரி சொன்னவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விளங்கிக்கொள்கிறவரைப் போல மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு பாக்கறதுக்குங்களா அன்னிக்கு வந்தீங்க?"

"ஆமாங்க."

"எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். பிறகு, "தெரிஞ்சிருந்தா…"

"நட அம்மணி" என்று அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அப்போதும் மரியாதை தவறவில்லை. "வெயிலாச்சு, நாங்களும் கெளம்பறமுங்க" என்றார். ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். வாசலில் நான் திரும்பிப் பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில் அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

மறு வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் எனக்குக் கல்யாணமானது. நல்ல மனிதர். வேலைக்கு விட்டார், டீச்சராகத்தான் ஓய்வு பெறப்போகிறேன். நான் எழுதுவதையெல்லாம் அவர் படித்த பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவேன். இதையும் படித்தார். படித்துவிட்டு, "தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? சில நாள், தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்கமாட்டார் என்று தோன்றும். சில நாள், தெரிந்திருந்தால் என்னோடு இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பார் என்று தோன்றும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

அந்த இரண்டாவது ஞாயிறு ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார். அம்மாவும் நானும் பின்னால். காந்திபுரத்தில் ஏறியதிலிருந்து அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள்.

"அந்தம்மா பேரக்கூடக் கேக்காம வந்துட்டனே கண்ணு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மகனின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. விசாரித்து வந்த தரகர் அப்பாவிடம் சொல்லியிருப்பார். அப்பா சொல்லவில்லை, அவர் இருந்தவரை நாங்களும் கேட்கவில்லை. அந்த அம்மா மகனைக் கூப்பிட்டது ‘கண்ணு’ என்று மட்டும்தான். எங்கள் பக்கம் எல்லோர் வீட்டுப் பிள்ளையும் கண்ணுதான். கோயமுத்தூர் போகும்போதெல்லாம், கூட்டத்தில் வயதான ஓர் அம்மா யாரையாவது அப்படிக் கூப்பிட்டால், நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.